கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டர்

இருதயசாமி காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் மனைவி அற்புதமேரி ஒரு துண்டுக் காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையில் வைத்து அனுப்புவாள். அதில் அவர் பெயர், சேரப்பணஞ்சேரி விலாசம், என்ன வகை ரத்தம் என்ற மூன்று விவரமும் எழுதியிருக்கும். பட்டாளத்துக்குப் போகிறவனுக்குத்தான் இப்படிச் செய்து அனுப்புவார்கள். இருதயசாமி போனது ஒரகடத்தில் இருந்த ஓர் அரசு அலுவலகத்துக்கு, கார் ஓட்ட.

அந்த அலுவலகத்தின் பெயர் தொழிற்பேட்டை முன்னேற்பாட்டுத் தனிப்பிரிவு. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் ஒருநாள் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்றும், அவை வருவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஏற்பாடுகளை இந்தப் பிரிவு செய்யும் என்றும் பெயர்ப் பலகை சொன்னது. ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்தார்கள். 1991ஆம் வருடம் மாசி மாதம் வரைக்கும் அங்கே வந்து சேர்ந்தவை ஒரு பெயர்ப் பலகை, நாலு மேசை, ஒரு கார்.

காருக்கு வயது பத்தொன்பது. பிரேக்கை மூன்று முறை மிதித்தால் நாலாவது முறை பிடிக்கும், அதுவும் அதன் இஷ்டத்தைப் பொறுத்தது. ஸ்டீரிங்கைக் கால் வட்டம் திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்கு விஷயம் தெரியும். இறக்கத்தில் மூன்றாவது கியர் தானாகக் கழன்றுகொள்ளும். கைப்பிரேக்கின் கம்பி எப்போதோ அறுந்துவிட்டதால் அந்தக் கைப்பிடியில் இருதயசாமி துண்டைத் தொங்கவிட்டிருந்தார். பின்பக்கத்து வலது கதவு திருப்பத்தில் திறந்துகொள்ளும் என்று கயிறு போட்டுக் கட்டியிருந்தது. இவையெல்லாம் போகட்டும், பெட்ரோல் குழாயில் ஒரு கசிவு இருந்தது. சொட்டுச் சொட்டாக அது விழுந்த இடம் கொதிக்கிற சைலன்சருக்கு நாலு விரற்கடை தள்ளி. அந்த வாசனை மூக்கில் ஏறும்போதெல்லாம் இருதயசாமி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொள்வார்.

லாரி, கல்குவாரி வண்டி, கல்யாண வண்டி என்று இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர் அவர். பயந்த மனிதர் இல்லை. இந்தக் காருக்கு வந்த பிறகுதான் சாவியைக் கையில் எடுத்தாலே உள்ளங்கை வேர்க்க ஆரம்பித்தது.

இவ்வளவு மோசமான காரை ஏன் கழித்துக் கட்டவில்லை என்று யாருக்கும் தோன்றும். தனிப்பிரிவுக்கும் தோன்றியது. அதற்கு விதி இருக்கிறது. ஓர் அரசு வாகனம் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடி முடித்தால் அதைக் கழிக்கலாம். இந்தக் காரின் மீட்டரில் ஐந்து இலக்கம்தான் உண்டு. இரண்டு தடவை லட்சத்தைத் தாண்டிச் சுற்றி வந்து, மூன்றாவது சுற்றில் 99,988 என்ற இடத்துக்கு வந்தபோது மீட்டர் கேபிள் அறுந்து போயிற்று. மிச்சம் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற தூரம்கூட இல்லை.

"கேபிளை மாத்திட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும் மேடம்" என்றார் இருதயசாமி, உதவியாளர் சசிரேகாவிடம். அலுவலகத்தில் விதிப் புத்தகத்தை முழுக்கப் படித்த ஒரே ஆள் அவள்தான்.

"மாத்த முடியாதுண்ணே. முப்பத்தொண்ணாவது விதி. கழிக்கிற எல்லைக்கு ஐந்நூறு கிலோமீட்டர் கிட்ட வந்துட்ட வண்டிக்கு எந்த சாமானும் வாங்கக் கூடாது. எப்படியும் போகப் போற வண்டி, வீண் செலவுன்னு போட்டிருக்கான்."

"சரி, பிரேக்கையாவது பாக்கலாமா?"

"அதுவும் சாமான்தானே."

இருதயசாமி இதை வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் யோசித்துப் பார்த்தார். கேபிள் இல்லாமல் மீட்டர் ஓடாது. மீட்டர் ஓடாமல் பன்னிரண்டு கிலோமீட்டர் முடியாது. அது முடியாத வரைக்கும் வண்டி எல்லைக்குக் கிட்டத்திலேயே நிற்கும். கிட்டத்தில் நிற்கிற வண்டிக்கு பிரேக் கிடையாது. சைக்கிளை நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து யோசித்தார். அதே இடத்துக்குத்தான் வந்தது.

இப்படிப் பதினான்கு மாதம் போயிற்று. அந்தப் பதினான்கு மாதமும் கார் வாலாஜாபாத், படப்பை, மணிமங்கலம் என்று அலைந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஓட்டப் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் புறப்பட்டபோது 99,988, திரும்பியபோது 99,988. அரசாங்கத்தின் பார்வையில் அந்தக் கார் நகரவே இல்லை. நகராத காரில் உட்கார்ந்து தனி அலுவலர் புருஷோத்தமன் முப்பத்தேழு கிராமங்களைச் சுற்றிப் பார்வையிட்டிருந்தார்.

புருஷோத்தமன் பேச்சில் கெட்டிக்காரர். ஊர் ஊராகப் போய் விவசாயிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவார். ஒருதரம் சேரப்பணஞ்சேரியில் பேசினார்.

"நீங்க நிக்கிற இந்த மண்ணுல கார் செய்யப் போறாங்க. ஒண்ணு ரெண்டு இல்லை, நிமிஷத்துக்கு ஒரு கார். சும்மா வழுக்கிக்கிட்டுப் போற கார். அதுக்கான முன்னேற்பாட்டோட முதல் கட்டத்துக்கான ஆரம்ப வேலைகளை நாங்க தொடங்கறதுக்குத் தயாரா இருக்கோம்."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சுப்பிரமணி என்ற விவசாயி எழுந்தார். "நல்லதுங்க சார். இப்ப வெளிய நிக்கிற காரை நாங்க தள்ளணுமா, இல்ல தானா கெளம்புமா?"

"தள்ளுங்க" என்றார் புருஷோத்தமன்.

ஊரே சேர்ந்து தள்ளியது. கிளம்பிய காரில் கைகளைக் கூப்பியபடி அவர் போனார்.

மணிமங்கலத்தில் நடந்ததுதான் இருதயசாமியின் உயிரைப் பாதி எடுத்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்கள். அவர் தூரத்திலேயே மிதிக்க ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பெடல் தரையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஐந்து, ஆறு. ஹாரனை அழுத்தினார், அதுவும் அடிக்கவில்லை. அவர் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ஸ்டீரிங்கைச் சுற்றி, காரை இடப்பக்கத்துச் சுற்றுச்சுவரில் சாய்த்துத் தேய்த்துக்கொண்டே போனார். தீப்பொறி பறந்தது. ஒரு சின்னப் பெண்ணின் சாப்பாட்டு டப்பா சக்கரத்தடியில் நசுங்கிய பிறகு கார் நின்றது. அந்தப் பெண் ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டு, நசுங்கிய டப்பாவைப் பார்த்து அழுதது. டப்பாவுக்காக அழ உயிரோடு இருக்கிறதே என்று இருதயசாமிக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. 

பின்னாலிருந்து புருஷோத்தமன், "ஏன்பா, வண்டியைச் செவுத்துல தேய்க்கிறே? கவர்மென்ட் பெயின்ட்டுப்பா" என்றார். அவருடைய குரலும் நடுங்கித்தான் இருந்தது.

மறுநாள் இருதயசாமி பிரேக் கேட்டு மனுக் கொடுத்தார். பெயின்ட் போனதற்கு விளக்கம் கேட்டுப் பதில் வந்தது. அன்றிலிருந்து புருஷோத்தமனுக்கு எளிமையில் பற்று உண்டாயிற்று. அதிகாரி என்றால் மக்களோடு மக்களாகப் பஸ்ஸில் போக வேண்டும் என்று சொல்லி, அவர் பஸ்ஸில் போக ஆரம்பித்தார். கோப்புகளை மட்டும் இருதயசாமி காரில் வைத்துப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வர வேண்டும். பஸ் நிற்கும்போதெல்லாம் அவர் பெடலை மிதித்துக்கொண்டே காரை ரோட்டோரத்து மண்ணில் இறக்குவார்.

"வேலையை வுட்டுட்டு வந்துடுய்யா" என்றாள் அற்புதமேரி. "கஞ்சி குடிச்சிகினு இருந்துக்கலாம்."

"நான் வுட்டா வேற எவனையாவது ஒக்கார வெப்பானுங்க. அவன் புதுசு. எந்த எடத்துல எது புடிக்காதுன்னு அவனுக்கு இன்னா தெரியும்?"

 அடுத்த நாள் சட்டைப் பையில் வைத்த காகிதத்தில் இன்னும் கொட்டை எழுத்தாக எழுதியிருந்தாள்.

கடைசியில் வழி கண்டுபிடித்தது சசிரேகா. மணிமங்கலத்துப் பெண்ணைப் பற்றிக் கேட்டதிலிருந்து அவளுக்கும் மனசு சரியில்லை. மீட்டர் என்பது கிலோமீட்டரைக் குறித்து வைப்பது, குறித்து வைப்பதெல்லாம் பதிவேடு, பதிவேட்டுக்கு வேண்டியதெல்லாம் எழுதுபொருள் என்று ஒரு குறிப்பு எழுதினாள். மேலே இருந்தவர்களுக்கு அதில் ஒரு குற்றமும் தெரியவில்லை. பேனா, கார்பன் தாள், குண்டூசி ஆகியவற்றோடு ஒரு மீட்டர் கேபிளும் எழுதுபொருள் கிடங்கிலிருந்து வந்து சேர்ந்தது. பிரேக்கை எழுதுபொருள் என்று சொல்ல அவளாலும் முடியவில்லை.

ஆனால் பதினான்காவது விதி ஒன்று இருந்தது. கடைசிக் கிலோமீட்டர்களை வாகனக் கழிவுக் குழு அந்த வாகனத்திலேயே பயணம் செய்து நேரில் பார்க்க வேண்டும். குழுத் தலைவர் நரசிம்மன் காஞ்சிபுரத்திலிருந்து வந்தார். உறுப்பினர் புருஷோத்தமன். செயலாளர், வேறு ஆள் இல்லாததால், சசிரேகா.

படப்பை மெக்கானிக் வெங்கடேசன் குழுவின் முன்னிலையில் கேபிளை மாட்டினான். மாட்டிவிட்டுக் காருக்கு அடியில் ஒருதரம் எட்டிப் பார்த்தான். எழுந்து, தலைவரை விட்டுவிட்டு இருதயசாமியிடம் வந்தான்.

"இன்னாண்ணே, இதுலயா போவப் போறீங்க?"

"ஆமா."

"எத்தினி பேரு?"

"நாலு பேரு."

வெங்கடேசன் தன் சாமான் பையை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான்.

கிளம்புவதற்கு முன்னால் நரசிம்மன் பேசினார். கேட்க நாலு பேர்தான் இருந்தார்கள், அதில் ஒருவர் வாட்ச்மேன். "ஒரு வாகனத்தைக் கழிக்கிறதுங்கறது சாதாரண விஷயமில்லை. முப்பது வருஷ சர்வீஸ்ல நான் நாப்பத்தோரு வாகனத்தைப் பரிசோதிச்சிருக்கேன். ஒண்ணைக்கூடக் கழிச்சதில்லை. அரசாங்கச் சொத்து மேல எனக்கு அப்படி ஒரு அக்கறை."

அவர் முன்னால் ஏறினார். புருஷோத்தமன் ஏறாமல் நின்று, தான் பஸ்ஸில் பின்னால் வருவதாகச் சொல்லிப் பார்த்தார். உறுப்பினர் இல்லாமல் குழு கூடியதாகாது என்றாள் சசிரேகா. கயிறு கட்டிய கதவுப் பக்கம் அவர் உட்கார்ந்தார். இருதயசாமி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பினார். எஞ்சின் நாலு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

பத்துக் கிலோமீட்டர் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மீட்டரில் எண் மாறும்போதெல்லாம் சசிரேகா எட்டிப் பார்த்து எழுதிக்கொண்டாள். எஞ்சின் சூடேறத் தொடங்கியது, பெட்ரோல் வாசனையும் ஏறியது. "என்னப்பா, ஏதோ வாசனை வருதே?" என்றார் நரசிம்மன். "பெட்ரோலுங்க" என்றார் இருதயசாமி. "ஓ, பெட்ரோல் இருக்குன்னு அர்த்தம். எழுதிக்கம்மா, எரிபொருள் போதுமான அளவு உள்ளது."

வல்லம் தாண்டி ரோடு ஏரிக்கரையில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது. இறக்கத்தின் பாதியில் மூன்றாவது கியர் கழன்றுகொண்டது. இருதயசாமி குச்சியைத் திரும்பத் தள்ளினார். கரகரவென்று கத்தியதே தவிர உள்ளே போகவில்லை. பிரேக்கை மிதித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது மிதியில் பெடலுக்கு அடியில் ஏதோ பட்டென்று அறுந்தது. அதற்குப் பிறகு காலுக்குக் கீழே எதுவுமே இல்லை.

"சார்" என்றார்.  "சார், பிரேக் பூடுச்சிங்க."

"அப்படின்னா மெதுவாப் போ" என்றார் நரசிம்மன்.

"மெதுவாப் போவத்தான் சார் பிரேக்கு."

கார் வேகம் பிடித்தது. எதிரில் ஒரு மாட்டு வண்டி பள்ளத்தில் இறங்கி வழி விட்டது. காலடியில் துருப்பிடித்து விழுந்திருந்த ஓட்டை வழியாக ரோடு கோடுகோடாக ஓடியது. இருதயசாமிக்கு மணிமங்கலத்துப் பெண்ணின் முகம் கண்ணில் வந்து நின்றது. ஆண்டவரே, எதிரில் பிள்ளை மட்டும் வராமலிருக்கட்டும் என்று அவர் வாய்விட்டே சொன்னார்.

"நிறுத்துப்பா! நிறுத்து!" நரசிம்மன் இரண்டு கையாலும் முன்பலகையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு ரிடையர் ஆக ஏழு மாசம்தான்பா இருக்கு! இதுவரைக்கும் எந்தப் பேப்பர்லயும் மாட்டினதில்லைப்பா!"

"எனக்கு அப்பவே தெரியும்" என்று பின்னாலிருந்து புருஷோத்தமன் கதறினார். "இது கொல்லும்னு தெரிஞ்சுதானே நான் பஸ்ல போயிட்டிருந்தேன்! ஐயோ, கதவு! கதவு தொறக்குது!"

சசிரேகா அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் கண்ணை மூடியிருந்தாள்.

இறக்கம் முடிகிற இடத்தில் ரோட்டின் மேல் ஒரு பர்லாங்கு நீளத்துக்குக் கொள்ளுச் செடியைப் பரப்பியிருந்தார்கள். பிடுங்கிக் காய்ந்த செடியை ரோட்டில் போட்டால் பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகிறபோது கொள்ளு தானாக உதிரும், அடிக்கிற வேலை மிச்சம். இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லாரும் இதைத் திட்டிக்கொண்டேதான் ஓட்டுவார்கள், இருதயசாமியும் நிறையத் திட்டியிருக்கிறார். அன்றைக்கு அதைப் பார்த்ததும் அவருக்கு அழுகை வந்தது. ஓரமாக உட்கார்ந்திருந்த பெண்களைப் பார்த்து "எந்திரிச்சி ஓடுங்கம்மா!" என்று கத்திக்கொண்டே காரை நேராகக் கொள்ளின் நடுவில் விட்டார்.

முழங்கால் உயரக் குவியல். செடி சக்கரத்தில் சுற்றியது, அடியில் திணிந்தது, கார் முனகிக்கொண்டே வேகம் குறைந்து, கடைசியில் ஒரு குலுக்கலோடு நின்றது. நின்ற மறு நிமிடம் அடியிலிருந்து புகை வந்தது. காய்ந்த செடி, கொதிக்கிற சைலன்சர், சொட்டுகிற பெட்ரோல்.

"எறங்குங்க! எறங்குங்க சார்!" இருதயசாமி இறங்கிப் பின்பக்கம் ஓடினார். பின்பக்கத்து இடது கதவு செடி அழுத்தித் திறக்கவில்லை. கயிற்று முடிச்சு இறுகிப் போயிருந்தது. அவர் பல்லால் கடித்து இழுத்தும் அவிழவில்லை. உள்ளே இரண்டு முகங்கள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தன. கொள்ளுக்குச் சொந்தக்காரி கங்கம்மாள் ஓடி வந்து அரிவாளால் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினாள். முதலில் புருஷோத்தமனை இழுத்தார்கள், பிறகு சசிரேகாவை. மற்ற பெண்கள் குடத்துத் தண்ணீரையும் மண்ணையும் காருக்கடியில் வீசினார்கள். கொஞ்ச நேரம் சீறிவிட்டுப் புகை அடங்கியது.

"இன்னாய்யா வண்டி இது? ஆளக் கொல்றதுக்குன்னு எட்த்துகினு வந்தியா?" என்றாள் கங்கம்மாள்.

இருதயசாமி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.  

நரசிம்மன் முதல் ஆளாக இறங்கி ஓடி, ஐம்பது அடி தள்ளி ஒரு புளிய மரத்தடியில் நின்றிருந்தார். தண்ணீர் குடித்தார். வேட்டியில் ஒட்டிய கொள்ளை உதறினார். காரிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நின்றாரோ அவ்வளவுக்கு அவருடைய அதிகாரம் திரும்பி வந்தது.

"மீட்டர் எவ்வளவும்மா?"

"99,999 சார். கடைசி எண் முக்கால்வாசி சுத்தியிருக்கு" என்றாள் சசிரேகா. 

"அப்ப இன்னும் முடியலை. தள்ளச் சொல்லு."

கங்கம்மாளின் ஆட்கள் செடியைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் சம ரோட்டில் தள்ளினார்கள். இருநூறு அடி தள்ளியதும் மீட்டரில் ஐந்து எண்களும் ஒன்றாகப் புரண்டன. இருதயசாமிக்கு உயிர் வந்தது. முடிந்தது, பதினான்கு மாதப் பயம் முடிந்தது என்று அவர் எழுந்து நின்றார்.

நரசிம்மன் ஜன்னல் வழியாகத் தலையை மட்டும் விட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"இதுல பூஜ்யம்னு இல்ல இருக்கு?"

"மூணாவது சுத்து முடிஞ்சிருக்கு சார். மூணு லட்சம்."

"மூணு லட்சம்னு எங்கேம்மா போட்டிருக்கு? அஞ்சு பூஜ்யம் போட்டிருக்கு. மீட்டர் காட்டுறதுதான் ஆதாரம்னு நீதானே கேபிளையே எழுதுபொருள்னு வாங்கினே? ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத வண்டியை நான் எப்படிக் கழிக்கிறது? நாளைக்கு என்னைக் கேள்வி கேட்கமாட்டாங்களா?" அவர் பேனாவை எடுத்தார். "எழுது. வாகனம் புதிய நிலையில் உள்ளது. பிரேக் இல்லாமலும் நிற்கிறது. அடுத்த பரிசோதனை மூன்று லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு."

ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்தது. புருஷோத்தமன் கை காட்டுவதற்கு முன்பே ஓடிப் போய் ஏறிவிட்டார். நரசிம்மன் படியில் நின்றபடி இருதயசாமியைப் பார்த்துச் சொன்னார்: "நீ வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடு. புது வண்டி, நாப்பதுக்கு மேல போகாதே."

இருதயசாமி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"எனக்குப் பயமா கீது சார்."

"பிரேக் இல்லைன்னா? புது வண்டிக்குச் சாமான் வாங்கினா ஆடிட்ல கேட்பாங்கப்பா."

"பிரேக்கச் சொல்லலீங்க. பயமா கீது. இதுல நான் இனிமே ஏறமாட்டேன். நான் சாவறதுகூட இல்ல சார். யார் வூட்டுப் புள்ளயாவது..." 

"எதுவானாலும் எழுத்து மூலமாக் குடு."

சசிரேகா ஓட்டப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். இருதயசாமி பஸ் படியிலேயே வைத்து எழுதினார். 'எனக்குப் பயமாக இருக்கிறது.' கீழே கையெழுத்துப் போட்டார். நரசிம்மன் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். பஸ் போய்விட்டது.

அலுவலகத்தில் சசிரேகா விதிப் புத்தகத்தின் அகரவரிசைப் பட்டியலைத் திறந்தாள். பயணப்படி இருந்தது. அதற்கு அடுத்ததாகப் பராமரிப்பு இருந்தது. நடுவில் பயம் என்று எதுவும் இல்லை. விதி இல்லாத மனுவை ஏற்கவும் முடியாது, தள்ளவும் முடியாது. முடிவு தெரிகிற வரைக்கும் மனு கொடுத்த இடத்தில், கொடுத்த நிலையில் எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். ஆகவே கார் கங்கம்மாளின் கொள்ளுக்குப் பக்கத்தில் நின்றது. இருதயசாமி தினமும் அங்கே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு அதன் நிழலில் உட்கார்ந்திருந்தார். கங்கம்மாள் பானெட்டின் மேல் மிளகாய் காய வைத்தாள்.

இருபத்துமூன்றாம் நாள் குழு திரும்பி வந்தது. ஓட்டுநரின் பயத்துக்குக் காரணம் உண்டா என்று நேரில் பார்த்து அறிக்கை தரும்படி மேலிடம் கேட்டிருந்தது. வேறொரு துறையின் ஜீப்பில் நரசிம்மன் வந்து இறங்கினார். புருஷோத்தமன் கூடவே இறங்கி ஜீப்பை ஒட்டியே நின்றார்.

"பயத்துக்கு என்ன காரணம்? வண்டி நல்லாத்தானே நிக்குது" என்றார் நரசிம்மன்.

சசிரேகா புத்தகத்தைப் பிரித்தாள். "பதினாலாவது விதிப்படி குழு வண்டியில பயணம் செஞ்சு பார்க்கணும் சார். ஒரகடம் வரைக்கும் போதும். ஏரிக்கரையை மறுபடியும் ஏறி இறங்கணும்."

இருதயசாமி மிளகாயை வழித்துக் கங்கம்மாளின் முறத்தில் போட்டார். முன்னால் போய் இரும்புக் கம்பியை விட்டுச் சுற்றினார். எட்டாவது சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. கார் முழுக்க நடுங்கியது. பெட்ரோல் வாசனை பரவியது. அவர் சுற்றி வந்து முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு நல்ல டிரைவர் நிற்பது போல் பணிவாக நின்றார்.

"ஏறுங்க சார்."

நரசிம்மன் காரைப் பார்த்தார். புருஷோத்தமன் நரசிம்மனைப் பார்த்தார். யாரும் அசையவில்லை. அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது, இன்னொரு சொட்டு விழுந்தது. இருதயசாமி அவர்கள் முகத்தைப் பார்த்தார். அது அவருக்குத் தெரிந்த முகம். பதினான்கு மாதமாகக் காலையில் சவரக் கண்ணாடியில் அவர் பார்த்து வந்தது.

"ஏறலைன்னா காரணம் எழுதணும் சார்" என்றாள் சசிரேகா. "விதியில ஒரே ஒரு காரணம்தான் ஒத்துக்குவாங்க. 'வாகனம் ஏறத் தகுதியற்றது.' அப்படி எழுதினா மீட்டர் எவ்வளவு காட்டினாலும் கழிச்சாகணும்."

"நேரமில்லைன்னு எழுதக் கூடாதா?"

"கூடாது சார்."

எஞ்சின் ஒருதரம் பலமாக வெடித்தது. இரண்டு அதிகாரிகளும் நாலு அடி பின்னால் போனார்கள். நரசிம்மன் கையை நீட்டினார். சசிரேகா தாளைக் கொடுத்தாள். முப்பது வருட சர்வீஸில் முதல் தடவையாக அவர் ஒரு வாகனத்தைக் கழித்துக் கையெழுத்துப் போட்டார். எழுத்துக் கோணலாக வந்தது. புருஷோத்தமன் ஜீப்பின் மேலேயே வைத்துப் போட்டார்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இருதயசாமி பதினான்கு மாதம் பயந்தது எந்தக் கோப்பிலும் ஏறவில்லை. அவர்கள் பயந்த அந்த ஒரு நிமிடம் ஏறிவிட்டது.

அவர் எஞ்சினை நிறுத்தினார். சாவியைச் சசிரேகாவிடம் கொடுத்தார். சட்டைப் பையிலிருந்த துண்டுக் காகிதத்தை எடுத்துக் கிழித்துப் போட்டார். சந்தோஷப்பட வேண்டும் என்று நினைத்தார், அதற்குள் கோபம் வந்துவிட்டது. இவ்வளவுதானா, இந்த ஒரு கையெழுத்துதானா என்று கேட்க வாயெடுத்தார். ஜீப் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது.